ஆக்ராவை விட்டோம், தில்லியைப் பார்த்தோம்

தில்லிக்கு ஒரு வார இறுதியோடு லீவு சேர்த்துக்கொண்டு போகிறோம் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி “தாஜ்மகால் என்னிக்கு?” என்பதுதான். எங்கள் வீட்டில் அத்தையும் அதையே பிடித்துக்கொண்டார் (அத்தை என்றால் மாமியார், நான் அப்படித்தான் கூப்பிடுவேன்). “ஏம்மா, அவ்வளவு தூரம் போயிட்டு தாஜ்மகாலைப் பாக்காம வந்தா ஊர்ல கேக்க மாட்டாங்களா?” கேட்பார்கள்தான். ஆனால் ஆக்ரா போய்வர விடிகாலையில் கிளம்பினால் ராத்திரி ஆகிவிடும், இருப்பதே நான்கைந்து நாள், அதில் ஒரு முழு நாளை ரயிலுக்கும் வரிசைக்கும் கொடுத்துவிட்டு தில்லியை மீதி நாட்களில் ஓட்டமாய்ப் பார்ப்பதில் எனக்கு இஷ்டமில்லை. தவிர வெள்ளிக்கிழமை தாஜ்மகால் லீவு. இது தெரியாமல் வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஆக்ராவுக்குத் தனியாக இன்னொரு தடவை போகலாம் என்று சொல்லி அத்தையை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். ஹுமாயூன் கல்லறையைப் பார்த்த பிறகு அவரே அந்தப் பேச்சை விட்டுவிட்டார், அது பின்னால் வருகிறது.

தில்லியைப் புகழ்பெற்ற இடங்களின் வரிசைப்படி பார்க்கக் கிளம்பினால் பாதி நாள் ரோட்டில்தான் போகும். செங்கோட்டை வடக்கே, குதுப் மினார் தெற்கே, நடுவில் தில்லி டிராஃபிக். மேப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மெட்ரோவின் மஞ்சள் லைனைத் தெற்கிலிருந்து வடக்கே பார்த்தால் கிட்டத்தட்ட தில்லியின் வரலாற்றைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. குதுப் மினார் ஸ்டேஷன் பக்கம் 12, 13ஆம் நூற்றாண்டு. ஹௌஸ் காஸ், கிரீன் பார்க் பக்கம் 14. ஜோர் பாக்கில் இறங்கினால் லோதி தோட்டம், 15, 16. அப்புறம் ஒரு பெரிய தாவலில் சென்ட்ரல் செக்ரடேரியட், வெள்ளைக்காரன் கட்டிய புது தில்லி. அதையும் தாண்டி சாவ்ரி பஜார், சாந்தினி சௌக், ஷாஜஹானின் 17ஆம் நூற்றாண்டுப் பழைய தில்லி. வரிசை கொஞ்சம் முன்னே பின்னேதான், ஆனாலும் ஒரு நாளைக்கு ஒரு தில்லி என்று பிரித்துக்கொள்ள இதைவிட வசதியான கோடு வேறு கிடையாது.

அதனால் தங்குவதையும் மஞ்சள் லைனிலேயே பார்த்தோம். ரயில் நிலையத்தை ஒட்டிய பஹார்கஞ்சில் வாடகை குறைவு, ஆனால் ராத்திரி சந்தடியும் ஏஜென்ட் தொல்லையும் வயசானவர்களோடு போகிறவர்களுக்குச் சரிப்படாது. நாங்கள் ஹௌஸ் காஸ், கிரீன் பார்க் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் எடுத்தோம். ஹௌஸ் காஸ் ஸ்டேஷனில் மஞ்சள் லைனும் மெஜந்தா லைனும் சேர்கின்றன, மெஜந்தா நேரே ஏர்போர்ட் டெர்மினல் 1க்குப் போகிறது. உங்கள் விமானம் டெர்மினல் 3 என்றால் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோவில் இருபது சொச்ச நிமிடத்தில் நியூ டெல்லி ஸ்டேஷன், அங்கே மஞ்சள் லைன் மாறிக்கொள்ளலாம். எந்த டெர்மினல் என்பதை டிக்கெட்டில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள், இரண்டுக்கும் நடுவே பொடிநடையாகப் போய்விடுகிற தூரமில்லை.

போய்ச் சேர்ந்த அன்று சாயந்திரம் எதுவும் பெரிதாக வைத்துக்கொள்ளவில்லை, ஹௌஸ் காஸ் ஏரிக்கரை மட்டும். அலாவுதீன் கில்ஜி வெட்டிய குளம், கரையில் பிரோஸ் ஷா துக்ளக் கட்டிய மதரஸாவும் அவருடைய கல்லறையும். கல்லூரிப் பிள்ளைகள் படிக்கட்டுகளில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். இந்த பிரோஸ் ஷா பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், குதுப் மினாரில் மறுபடி வருவார்.

கிழமை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தில்லி பயணத்தில் இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். திங்கட்கிழமை செங்கோட்டை கிடையாது, தேசிய அருங்காட்சியகம் கிடையாது, நவீன ஓவியங்கள் இருக்கும் ஜெய்ப்பூர் ஹவுஸ் கிடையாது, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எதுவும் கிடையாது. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும், லோதி தோட்டத்துக்குக் கிழமையும் கிடையாது டிக்கெட்டும் கிடையாது. ஆக, திங்கட்கிழமையை தெற்குப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். அதேபோல உங்கள் நாட்களில் ஒரு வியாழன் மாலை இருக்கும்படி பார்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது, நிஜாமுதீன் தர்காவில் அன்று கவ்வாலி (சூஃபி பக்திப் பாட்டு) விசேஷம்.

குதுப் மினார் ஸ்டேஷனில் இறங்கினால் மினார் கண்ணெதிரே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். காலையில் சீக்கிரம் போனோம், ஸ்கூல் பஸ்கள் வருவதற்கு முன்னால். 72.5 மீட்டர் உயரம். குதுபுதீன் ஐபக் அடித்தளத்தைப் போட்டு முதல் நிலையைக் கட்ட, மருமகன் இல்துமிஷ் மேலே எழுப்ப, பிறகு இடி விழுந்து சேதமான உச்சியைச் செப்பனிட்டவர் நம்ம பிரோஸ் ஷா. கூர்ந்து பார்த்தால் மேல் பகுதியில் வெள்ளைப் பளிங்கு கலந்திருப்பதும், கீழே முழுக்கச் சிவப்புக் கல் இருப்பதும் தெரியும். 1981இல் உள்ளே நெரிசலில் பல பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்ததிலிருந்து படியேற விடுவதில்லை.

அத்தை மினாரை ஐந்து நிமிடம் பார்த்தார். அதை ஒட்டிய மசூதித் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் நின்றார். இருபத்தேழு கோயில்களை இடித்த கல்லில் கட்டியது என்று வாசல் கல்வெட்டே சொல்லும் மசூதி அது. தூணுக்குத் தூண் சங்கிலியில் தொங்குகிற மணி செதுக்கியிருக்கிறது, பூரணகும்பம் இருக்கிறது, உருவங்கள் இருந்த இடங்களில் முகம் மட்டும் கொத்தப்பட்டிருக்கிறது. ஒரு தூணின் மேல் இன்னொரு கோயிலின் தூணை ஏற்றி உயரத்தைச் சரிசெய்திருக்கிறார்கள், இரண்டும் வேறு வேறு கை என்பது வேலைப்பாட்டிலேயே தெரிகிறது. கைடு வைக்காமலே அத்தை விரலை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார், நம் ஊர் மண்டபங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதெல்லாம் தானாகவே படிக்க வரும்.

முற்றத்தின் நடுவில் இரும்புத் தூண். சந்திரன் என்ற அரசனின் பெயர் பொறித்தது, இரண்டாம் சந்திரகுப்தன்தான் அவன் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, சுமார் 1600 வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றும் துருவேறி அழியவில்லை. மாயமெல்லாம் இல்லை. அந்தக் காலத்து உருக்கும் முறையால் இரும்பில் பாஸ்பரஸ் அதிகமாகத் தங்கிவிட்டது, அதுவே மேலே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாக வழிசெய்கிறது. முன்பெல்லாம் முதுகைத் தூணில் சாய்த்து, கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கோத்தால் அதிர்ஷ்டம் என்று ஜனங்கள் கட்டிக்கொண்டிருந்தார்களாம், தேய்மானம் கண்டு 1997இல் வேலி போட்டுவிட்டார்கள்.

டிக்கெட் விஷயம்: குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை இரண்டுக்கும் இந்தியர்களுக்கு நாங்கள் போனபோது 40 ரூபாய், ஆன்லைனில் எடுத்தால் 35. ஐந்து ரூபாய்க்காகச் சொல்லவில்லை, வாசலில் கவுன்டர் வரிசை மிச்சம். பதினைந்து வயசுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம்.

வியாழக்கிழமையை லோதி தோட்டத்தில் ஆரம்பித்தோம். ஜோர் பாக்கிலிருந்து நடை தூரம். சையது, லோதி சுல்தான்களின் கல்லறைகளுக்கு நடுவே ஜனங்கள் யோகா செய்கிறார்கள், நாய் கூட்டிவருகிறார்கள், பிப்ரவரி வெயிலில் போர்வை விரித்துச் சாப்பிடுகிறார்கள். எண்கோண வடிவத்தில் இருக்கும் முகம்மது ஷா கல்லறையை மட்டும் நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டு ஹுமாயூன் கல்லறைக்குப் போனால், உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் இசா கான் கல்லறை அதே எண்கோணத்தில் நிற்கும். ஹுமாயூன் இறப்பதற்கு முன்பே கட்டியது. பழைய பாணியை அங்கே பார்த்துவிட்டு அடுத்த வாசலைத் தாண்டினால் மொகலாயப் பாணி முழு உயரத்தில் எதிரே வருகிறது: நான்கு பாகத் தோட்டம், ஓடுகிற நீர்க்கால்வாய், உயர்ந்த மேடை, சிவப்புக் கல்லில் வெள்ளைப் பளிங்கு வரி, மேலே ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைக் குமிழ். ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் முன்னின்று கட்டியது, வடிவமைத்தவர் மீரக் மிர்சா கியாஸ் என்ற பாரசீகர், 1570களின் தொடக்கத்தில் முடிந்தது. தாஜ்மகாலுக்கு அறுபது வருடம் மூத்தது. புருஷன் பெண்டாட்டிக்குக் கட்டியதைத்தான் எல்லோரும் பாடுகிறார்கள், இங்கே பெண்டாட்டி புருஷனுக்குக் கட்டியிருக்கிறாள் என்று சொன்னதும் அத்தைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “இதைச் சொல்லுவேன் ஊர்ல” என்றார். ஆக்ரா பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, முட்டி வலிக்காரர்கள் தோட்டத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம், ஒன்றும் நஷ்டமில்லை, தூரத்திலிருந்துதான் அந்தக் கட்டிடத்தின் அளவு தெரியும். 1857 கலகம் முடிந்தபோது கடைசி மொகலாயர் பகதூர் ஷா ஜாபர் ஒளிந்திருந்து பிடிபட்டதும் இங்கேதான். எதிரே இருக்கும் சுந்தர் நர்சரி பச்சைப்பசேலென்று இருக்கும், கால் ஓய்ந்தால் போய் உட்கார நல்ல இடம், அதற்குத் தனி டிக்கெட்.

அங்கிருந்து சாலையைக் கடந்தால் நிஜாமுதீன் பஸ்தி. சந்து குறுகிக்கொண்டே போகும், இரண்டு பக்கமும் பூக்கடைக்காரர்கள் “செருப்பை இங்கே விடுங்கள், இதற்கு மேல் போடக்கூடாது” என்பார்கள். நம்பாதீர்கள், செருப்பை அங்கே விட்டால் பூத்தட்டையும் அங்கேதான் வாங்க வேண்டியிருக்கும். தர்கா வாசல் வரை போட்டுக்கொண்டே போகலாம். தலையில் துணி போட்டுக்கொள்ள வேண்டும், ஆண்களுக்குக் கைக்குட்டை போதும். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் சமாதி அறைக்குள் பெண்களை விடுவதில்லை, வெளியே பளிங்குச் சல்லடையின் பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம். அது எனக்கு உறுத்தல்தான், அதையும் சொல்ல வேண்டும். நிஜாமுதீனும், அவர் சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவும் ஒரே வருடம், 1325இல் இறந்து ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். ஷாஜஹானின் மகள் ஜஹனாராவின் சமாதியும் அங்கே இருக்கிறது, மேலே கல் மூடாமல் புல் மட்டும் முளைக்க விட்டிருக்கிறார்கள், அவள் கேட்டுக்கொண்டபடி. கவ்வாலி தொடங்கியதும் முற்றத்தில் இடமே இல்லை. ஹார்மோனியம், டோலக், கைதட்டு, நடுநடுவே யாராவது எழுந்து பாடகர் முன்னால் பணம் வைத்துவிட்டுப் போகிறார்கள். மணிபர்ஸைச் சட்டையின் உள்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பையே எடுத்துப் போகாதீர்கள்.

பழைய தில்லிக்கு ஒரு நாள் முழுக்க வேண்டும், அதில் செங்கோட்டைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. வெளியே மதில் பார்க்கிற கம்பீரம் உள்ளே இல்லை, காரணம் 1857க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அரண்மனைகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டு ராணுவக் குடியிருப்பு கட்டினார்கள். திவானே ஆம் என்ற பொது தர்பார் மண்டபத்தில் சிம்மாசனத்துக்குப் பின்னால் உயரத்தில் பதித்திருக்கும் சிறிய கற்பலகைகளைத் தேடிப் பாருங்கள், பறவைகளுக்கு மேலே நரம்புக் கருவி வாசிக்கிற கிரேக்கப் புராணப் பாடகன் ஆர்பியஸ் இருப்பான், லண்டனுக்குக் கொண்டுபோன அந்தப் பலகை வைஸ்ராய் கர்சன் காலத்தில் திரும்பி வந்தது. அப்புறம் நேதாஜி, ஐஎன்ஏ (அவருடைய இந்திய தேசிய ராணுவம்) அருங்காட்சியகம். அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்தவர்களுக்கு, ஐஎன்ஏ அதிகாரிகள் மீதான விசாரணை நடந்த அந்தக் கோட்டைக்குள் நிற்பது வேறு மாதிரி இருக்கும்.

கோட்டைக்கு எதிரே நேராகப் போகிற தெருதான் சாந்தினி சௌக். பகலில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை, சைக்கிள் ரிக்ஷாவும் நடையும்தான். ஜெயின் கோயில், சிவன் கோயில், சீஸ் கஞ்ச் குருத்வாரா, மசூதி எல்லாம் ஒரே தெருவில். குருத்வாராவில் தலையை மூடிக்கொண்டு போனால் லங்கரில் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து ரொட்டியும் தாலும் சாப்பிடலாம், காசில்லை, தட்டில் மிச்சம் வைக்காமல் இருப்பதுதான் மரியாதை. தெருவின் மறுமுனையில் பதேபுரி மசூதியைத் தாண்டினால் காரி பாவ்லி மசாலா மண்டி. உள்ளே போகிற ஒவ்வொருவரும் இருமுகிறார்கள், தும்முகிறார்கள், மூட்டை தூக்குகிறவர்களும் சேர்த்துத்தான். மிளகாய் நெடி அப்படி. முகத்துக்கு ஒரு துப்பட்டாவோ மாஸ்க்கோ வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்துமாக்காரர்களை அழைத்துப் போகவே வேண்டாம். அங்கே வாங்கினால் பாதாம், உலர்ந்த அத்திப்பழம் வாங்கலாம். நம் ஊரிலேயே கிடைக்கிற மிளகு, ஏலக்காயை தில்லியிலிருந்து சுமப்பது எனக்குப் புரியாத விஷயம்.

குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற தௌலத் கி சாட் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பெயரில்தான் சாட், சாப்பிட்டால் இனிப்பு. பாலை ராத்திரிக் குளிரில் வைத்துக் கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூ நிறம், கொஞ்சம் சர்க்கரை, பிஸ்தா. வாயில் போட்டதும் காணாமல் போய்விடும். அத்தை “என்னத்த சாப்பிட்டேன்னே தெரியல” என்று இன்னொன்று கேட்டார்.

ஜும்மா மசூதியில் தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

புது தில்லி நாளை அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள், கால் தெம்பாக இருக்கும்போது. ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம் பெரிது, எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. நாங்கள் ஹரப்பா கூடத்தையும் செப்புத் திருமேனிகளையும் மட்டும் பார்த்தோம். பள்ளிப் புத்தகத்தில் பக்கம் நிறையப் படமாகப் பார்த்த மொகஞ்சதாரோ நடனப்பெண் நேரில் பத்தரை சென்டிமீட்டர்தான், அரைச் சாண். கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தால்தான் முகம் தெரியும். இடது கை முழுக்க, தோள் வரை வளையல், வலது கையில் நாலே நாலு, அந்தக் கை இடுப்பில். நாலாயிரம் வருடம் கழித்தும் “என்ன இப்போ?” என்று கேட்கிற நிற்பு. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண் அதே மாதிரி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். அடுத்து சோழர் நடராஜர். ஊரில் அலங்காரமும் மாலையுமாகப் பார்த்தே பழகியதால், துணியில்லாமல் அந்த இடுப்பின் வளைவையும் தூக்கிய பாதத்தின் அடியையும் சுற்றிச் சுற்றிப் பார்க்க முடிந்தது எங்களுக்குப் புதிது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார், காவலரும் ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் இந்தியா கேட் பக்கத்து ஆந்திரா பவன் கேன்டீனில் சாப்பாடு. வரிசை இருக்கும், வேகமாக நகரும். தில்லியில் மூன்று வேளையும் இட்லி தேடி அலையாதீர்கள், காலையில் சோலே பட்டூரா, மதியம் இந்த மாதிரிச் சோறு என்று வைத்துக்கொண்டால் வயிறும் கெடாது.

சாயந்திரம் கர்த்தவ்ய பாதையில் (பழைய ராஜ்பத்) இந்தியா கேட்டிலிருந்து ரைசினா குன்று பார்த்து நடந்தோம். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரை மாற்றுவதாக அறிவித்து, 1931இல் திறந்த நகரம். நடக்கும்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள்: தூரத்தில் நன்றாகத் தெரிகிற ராஷ்டிரபதி பவன், கிட்டப் போகப் போக மேட்டுக்குப் பின்னால் இறங்கி, விஜய் சௌக்கில் குமிழ் மட்டும்தான் மிஞ்சும். அரண்மனையைக் கட்டிய லட்யன்ஸுக்கும், இரண்டு பக்கச் செயலகங்களைக் கட்டிய பேக்கருக்கும் இந்தச் சாலைச் சரிவை வைத்துத்தான் பெரிய சண்டை, வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனது. ராஷ்டிரபதி பவனை உள்ளே பார்க்க வேண்டுமானால் முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், அடையாள அட்டை கட்டாயம்.

இரவைச் சும்மா ஓட்டலில் கழிக்காதீர்கள். மண்டி ஹவுஸ் மெட்ரோவைச் சுற்றி கமானி அரங்கம், திரிவேணி, ஸ்ரீராம் சென்டர், தேசிய நாடகப் பள்ளி எல்லாம் நடை தூரத்தில், பல நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே இல்லை. நாங்கள் பார்த்தது வட இந்திய நடனமான கதக். நம் ஊரில் நட்டுவனார் சொல்கிற சொற்கட்டை அங்கே ஆடுகிறவரே மைக் முன்னால் வந்து கையில் தாளம் போட்டபடி முழுசாகச் சொல்லிவிட்டு, அப்புறம் போய் அதைக் காலில் போடுகிறார். மார்கழிக்கு மார்கழி சபாவில் உட்கார்ந்து பழகிய அத்தை மடியில் தாளம் போட்டுக்கொண்டே வந்து, தபலாக்காரர் ஒரு இடத்தில் வேண்டுமென்றே தாளத்தைத் திருகியபோது வாய்விட்டுச் சிரித்தார்.

பேச்சு வழக்கில் கொஞ்சம் இந்தி இருந்தால் ஆட்டோ மலிவு, இல்லாவிட்டால் ஆப் ஆட்டோவே நிம்மதி. ரயில் நிலையம், கன்னாட் பிளேஸ் பக்கம் “செங்கோட்டை இன்னிக்கு மூடியிருக்கு, நான் வேற நல்ல இடம் காட்டுறேன்” என்று சரளமாக இங்கிலீஷில் பேசுகிற ஆள் வந்தால் பதில் சொல்லாமல் நடங்கள். அவர் கூட்டிப்போகிற இடம் கமிஷன் தருகிற கம்பளக் கடையாகத்தான் இருக்கும். மெட்ரோவில் ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. ராஜீவ் சௌக்கில் ஆபீஸ் நேரத்தில் லைன் மாறுவதை மட்டும் தவிருங்கள், பெரியவர்களால் அந்தத் தள்ளலைத் தாங்க முடியாது.

கிளம்புகிற அன்று காலை அத்தைக்காக ஆர்.கே.புரம் மலை மந்திர். சுவாமிநாத சுவாமி கோயில், கருங்கல், தமிழில் பேசுகிற குருக்கள், வளாகத்தில் மயில். அது முடித்து ஏர்போர்ட்.

மாதம் தேர்ந்தெடுக்க உங்கள் கையில் இருந்தால் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம். நவம்பரில் புகை, மே ஜூனில் வெளியே தலைகாட்ட முடியாத வெயில். ஜனவரிதான் கிடைத்தது என்றால் போகலாம், ஸ்வெட்டரும் காதை மூடுகிற குல்லாவும் வேண்டும், அப்புறம் காலை ஆறு மணி விமானம் மட்டும் போடாதீர்கள். மூடுபனியில் முதலில் தள்ளிப்போவது அந்த விமானங்கள்தான், மதியத்துக்கு மேல் போட்டால் பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும்.